படகின் மூக்குக்கு ஓர் ஏணி

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்தாலும், அது கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தாலும், பெல்ட்டைத் தேடி மாட்டிக்கொண்ட பிறகுதான் மூச்சே விடுவார். அதைப் பார்த்து அவருடைய சகலை 'சீட்பெல்ட்' என்று பெயர் வைத்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. கண்ணாடி வாங்க வருகிறவர்கள்கூடக் கடை வாசலில் நின்று, "சீட்பெல்ட் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள்.

மனைவி அவருக்கு நேர் எதிர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பாய்மரப் படகு வேண்டும் என்று ஆசைப்பட்டவளும் அவள்தான். ஒன்பது மீட்டர் நீளத்தில், இரண்டு படுக்கையும் ஓர் அடுப்பும் உள்ள பழைய படகு ஒன்றைப் பதினோரு வருடங்களுக்கு முன் வாங்கினார்கள். விடுமுறை நாட்களில் இருவரும் கடலுக்குப் போவார்கள். அவள் சுக்கான் பிடிப்பாள். அவர் எதையாவது பிடித்துக்கொண்டிருப்பார்.

அந்தத் துறையில் இடம் குறைவு. படகுகள் கல்மேடையைப் பார்த்தபடி முன்முனையான மூக்கை நீட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். பின்பக்கத்தைத் தண்ணீரில் ஒரு மிதவையோடு கட்டியிருப்பார்கள். ஏறுவதும் இறங்குவதும் மூக்கு வழியாகத்தான். மூக்கு மேடையைவிட இடுப்பளவு உயரம். படகு கல்லில் இடித்துக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டிருப்பார்கள். ஏறும்போது கயிற்றை இழுத்துப் படகைக் கிட்டே கொண்டுவந்து, படகின் விளிம்புக் கம்பியைப் பிடித்துத் தாவ வேண்டும். இறங்கும்போது குதிக்க வேண்டும். பதினோரு வருடமும் அவள் அப்படித்தான் குதித்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை மதியம். அவள் குதிக்கக் காலை எடுத்த நொடியில் காற்று மாறியது. படகு பின்வாங்கியது. ஒரு முழம் இரண்டு முழமாயிற்று. அவளுடைய பாதம் மேடையின் விளிம்பில் பட்டு வழுக்கியது. தோள் கல்லில் மோத, அவள் தண்ணீருக்குள் போனாள்.

அவர் படகின் மூக்கில் குப்புறப் படுத்துக் கையை நீட்டினார். அவள் மேலே வந்ததும் அவருடைய மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். பற்ற முடிந்ததே தவிர, தூக்க முடியவில்லை. அவள் தலைக்கு மேலே நங்கூரத்தின் கூர்முனை. முதுகுக்குப் பின்னால் பாசி படிந்த கல்சுவர். காற்று விட்டுவிட்டு அடித்தது. படகு போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு முறை அது சுவரை நோக்கி வரும்போதும் அவள் கால்களால் உதைத்து அதைத் தள்ளினாள். அவருக்குக் கத்தக்கூடக் குரல் எழவில்லை.

பக்கத்துப் படகுக்காரர்கள் இருவர் ஓடிவந்து அவளை மேடைக்கு இழுத்துப் போட எட்டு நிமிடம் ஆயிற்று. தோள்மூட்டு நழுவியிருந்தது. அவளுடைய ஐந்து விரல்களும் அவர் மணிக்கட்டில் ஒரு வாரம் நீலமாகப் பதிந்திருந்தன.

கட்டுப் பிரித்த அடுத்த மாதமே அவள், "எப்ப போலாம்?" என்றாள். அவர் பேச்சை மாற்றினார். கடையில் ஒருவருக்கு லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெளிவா தெரியுதா, இதுலயா?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். நடுவில் படகு கல்லில் உரசும் சத்தம் காதில் கேட்கும். எதிரே இருப்பவர் பதில் சொன்னது காதில் விழாது. ஒரு நாள் அப்படியே ஒருவருக்கு இடக்கண் பவரை வலக்கண்ணுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார்.

"ஏணி போட்டாத்தான் நான் வருவேன். அதுவரைக்கும் நீயும் போகக் கூடாது," என்றார்.

"பின்னாடி போட்டுக்கலாமே?"

"பின்னாடி சுக்கானும் மோட்டாரும் அடைச்சுக்கிட்டு இருக்கு. ஏறுறதும் இறங்குறதும் மூக்குல. விழுந்ததும் மூக்குல. ஏணியும் அங்கதான் வேணும்."

சகலை அதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்ப்பவன், எதற்கும் அஞ்சாதவன். "சகலை, படகுக்கும் சீட்பெல்ட் போடப் போறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. படகுச் சாமான் கடைக்குப் போனார். கடைக்காரம்மா கயிற்று ஏணி ஒன்றை எடுத்துப் போட்டாள். "எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க சார். சுருட்டி ஒரு பையில வெச்சுடலாம்."

அதை மூக்கில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார். மூக்கு மேலிருந்து கீழே போகப் போக உள்வாங்கிச் சரிந்திருக்கும். அவர் இரண்டாவது படியில் கால் வைத்ததும் கால் இரண்டும் படகுக்கு அடியில் போய்விட்டன. உடம்பு மல்லாந்து வெறும் கைகளில் தொங்கியது. கீழே தண்ணீர் கறுப்பாக இருந்தது. எப்படித் திரும்ப மேலே வந்தார் என்று அவருக்கே தெரியாது. வந்து பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நழுவிய தோளோடு அவளால் இதில் ஏற முடியாது என்று ஏணியைச் சுருட்டிப் பையில் போட்டார்.

அடுத்து, குடை மாதிரி ஒன்றுக்குள் ஒன்று போகும் ஸ்டீல் ஏணி. அதை விரித்து மூடும்போது சுண்டுவிரலைக் கடித்தது. அதோடு, முழுக்க விரித்தாலும் கடைசிப் படி தண்ணீரைத் தொட்டுக்கொண்டுதான் நின்றது.

"தண்ணி வரைக்கும் வருதே சார், போதாதா?" என்றாள் கடைக்காரம்மா.

"தண்ணிக்குள்ள இருக்கறவங்க காலை எங்கம்மா வைப்பாங்க?"

அவள் குனிந்து ஏணியின் கடைசிப் படியைப் பார்த்தாள். அதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை போலும்.

அன்று மாலை மனைவியை நகராட்சி நீச்சல் குளத்துக்குக் கூட்டிப்போனார். குளத்து ஏணியைப் பிடித்தபடி நிற்கச் சொல்லி, கை வலிக்காமல் எந்தப் படியில் கால் வைத்து எழ முடிகிறது என்று டேப் வைத்து அளந்தார். சுற்றிலும் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"என்னங்க இது, ரவிக்கை தைக்கவா அளவெடுக்கறீங்க?"

"கொஞ்சம் சும்மா நில்லு. இன்னும் ஒரு படி கீழ."

அறுபது சென்டிமீட்டர். தண்ணீருக்குக் கீழே அவ்வளவு ஆழத்தில் கடைசிப் படி இருந்தால்தான் அவளால் ஏற முடியும். மேலே மூக்கின் உயரத்தையும் கூட்டினால் இரண்டு மீட்டர். கடையில் எந்த ஏணியும் அவ்வளவு நீளம் இல்லை.

கடைசியில், வீடுகளுக்கு மாடிப்படிக் கைப்பிடி செய்கிற வெல்டரிடம் போனார். ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். நடுவில் கீல் வைத்து இரண்டாக மடிய வேண்டும். பாதி மடித்தால் மேடைக்கு இறங்கப் படி. முழுக்க விரித்தால் தண்ணீருக்குள் மூன்று படி. நங்கூரத்துக்கு ஒதுங்கி ஒரு பக்கமாக இருக்க வேண்டும். படகோடு ஒட்டிக்கொள்ளாமல் தள்ளி நிற்க, ரப்பர் வைத்த இரண்டு குட்டைக் கால்கள் வேண்டும். படிகள் குழாயாக இல்லாமல் தட்டையாக, ஒரு பாதம் அகலத்துக்கு.

வெல்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "யானை ஏறப் போகுதா சார்?"

"என் பொண்டாட்டி ஏறப் போறா."

வெல்டர் தாளை மடித்துப் பையில் வைத்தான். பத்து நாளில் செய்து, அவனே வந்து மாட்டிக் கொடுத்தான்.

அதைச் சோதித்துப் பார்க்காமல் அவளை ஏறவிட அவருக்கு மனம் வரவில்லை. சகலைக்கு முன்னால் செய்யவும் வெட்கம். ஒரு சனிக்கிழமை காலை, அவள் தங்கை வீட்டுக்குப் போன நேரத்தில், துண்டும் நீச்சல் நிக்கரும் எடுத்துக்கொண்டு தனியாகத் துறைக்குப் போனார். ஏணியை விரித்தார். ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது பல் கிட்டித்தது. கடைசிப் படியிலிருந்தும் காலை எடுத்து, தண்ணீர் நெஞ்சுக்கு வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் ஏறினார். ஏணி இம்மியும் அசையவில்லை. மறுபடி இறங்கினார். மறுபடி ஏறினார். ஐந்து முறை.

மனசு நிறைந்து போயிற்று. உடை மாற்றிக்கொண்டார். காற்றில் ஏணி ஆடக் கூடாது, யாரும் கழற்றிக்கொண்டு போகவும் கூடாது என்று அதை மேலே தூக்கி மடித்து, கம்பியோடு சேர்த்து நான்கு முடிச்சுப் போட்டுக் கட்டினார். கட்டி முடித்த பிறகுதான் தோன்றியது: இனி எப்படி இறங்குவது?

நாலு முடிச்சையும் அவிழ்க்கச் சோம்பலாக இருந்தது. மேடை கைக்கெட்டும் தூரத்தில்தானே இருக்கிறது. வாழ்நாளில் அவர் யோசிக்காமல் செய்த காரியம் அது ஒன்றுதான். குதித்தார்.

ஈரக் கால் கல்லில் நிற்கவில்லை.

தண்ணீருக்குள் போனபோது காதுக்குள் குபுகுபுவென்று சத்தம். வாயெல்லாம் உப்பு. மேலே வந்து கையில் கிடைத்த கட்டுக்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலே அவருடைய ஏணி, அழகாக மடித்து, நான்கு முடிச்சோடு. எம்பினார், எட்டவில்லை. சுவரைப் பிடித்தார், பாசி வழுக்கியது. "யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினார். துறையில் அந்த நேரத்தில் ஒரு ஈ காக்கை இல்லை.

படகு மெல்ல அவரை நோக்கி வந்தது. காலால் உதைத்தார். அது போயிற்று, மறுபடி வந்தது. ஒவ்வொரு உதைக்கும் கால் கனத்தது. விரல்கள் கயிற்றின் மேல் இறுகி மரத்துப்போயின. அவள் அன்று இதே இடத்தில் இதைத்தான் செய்துகொண்டிருந்தாள் என்ற எண்ணம் வந்தபோது அவருக்கு அழுகை வந்தது.

"என்னங்க!"

மேடையில் அவள் நின்றிருந்தாள். தங்கை வீட்டுக்குப் போகிற வழியில் ஏதோ மறந்தது நினைவு வந்து வீட்டுக்குத் திரும்பியவள், கொடியில் நீச்சல் நிக்கரைக் காணாமல் நேரே இங்கே வந்திருக்கிறாள். குனிந்து கயிற்றைப் பிடித்தாள். ஆனால் இழுக்கவில்லை. இழுத்தால் படகு அவர்மேல் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"கயித்தை விட்டுட்டு அந்தப் பக்கம் ஒதுங்குங்க."

"முடியலை. கை விட மாட்டேங்குது."

அவள் படகுக்கும் மேடைக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தாள். இரண்டு அடி பின்னால் போனாள்.

"வேணாம்! தோள்! குதிக்காதே!" அன்றைக்கு வராத குரல் இப்போது வந்தது.

அவள் ஓடிவந்து தாவினாள். அவர் தலைக்கு மேலே அவளுடைய செருப்பின் அடிப்பாகம் கடந்து போவதைப் பார்த்தார். கம்பியில் அவள் மோதும் சத்தம் கேட்டது. வலியில் ஒரு முனகல். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனம்தான் அன்றைய பயங்களிலெல்லாம் பெரியது. அவர் அவளைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"கத்தாதீங்க. இருக்கேன்." முடிச்சுகளோடு அவள் மல்லுக்கட்டுவது கேட்டது. "கடவுளே, யாருங்க இப்படிக் கட்டினது?"

ஏணி தடதடவென்று இறங்கித் தண்ணீருக்குள் போயிற்று. அவருடைய கால் தேடியது. கடைசிப் படி, இருக்க வேண்டிய ஆழத்திலேயே இருந்தது.

மேலே வந்ததும் இருவரும் ஒரே துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார்கள். அவள் இடக்கையால் வலத் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மேல கட்டி வெச்சுட்டுக் கீழ விழுந்தா அது ஏணியா, இல்ல அலங்காரமா?" என்றாள்.

அவள் முதலில் சிரித்தாள். பிறகு அவர் மார்பில் குத்தினாள். பிறகு அழுதாள்.

மறுநாள் அவர் ஏணியை மடித்து, இழுத்தால் அவிழும் ஒரே ஒரு முடிச்சில் கட்டினார். அதன் நுனியில் சிவப்புக் கயிறு கோத்துத் தண்ணீரைத் தொடுகிற வரை தொங்கவிட்டார். மேடையில் நிற்பவருக்கும் எட்டும், தண்ணீரில் கிடப்பவருக்கும் எட்டும். சகலை அதைப் பார்க்க வந்தான். கயிற்றை ஒரு முறை இழுத்துப் பார்த்தான். சிரிக்கவில்லை. இறங்கும்போது படி வழியாகத்தான் இறங்கினான்.

அவளுடைய தோள் முழுக்கச் சரியாகவில்லை. கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாது. இப்போது பாயை ஏற்றுவது அவர் வேலை. துறையை விட்டு வெளியே வந்து முதல் அலை படகைத் தூக்கும்போது அவர் இன்னமும் பாய்மரத்தோடு ஒட்டிக்கொள்வார். "பயமா இருக்கா?" என்று அவள் சுக்கானிலிருந்து கேட்பாள். "ஆமா," என்பார். பாயின் கயிற்றை விடாமல் இழுத்துக்கொண்டே இருப்பார்.