வெர்னாவுக்குக் கேட்டுவிட்டது

அட்லாண்டிக் கரையோர ஊரொன்றில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற வெர்னாவுக்கு எழுபது வயதுக்கு மேல் காது மந்தமாகிவிட்டது. காது கேட்கும் கருவியின் விலையைக் கேட்டு அந்த ஆசையையே விட்டிருந்தாள். முதியவர்களின் காது கருவிக்கும் அரசுக் காப்பீடே பணம் கட்டும் என்று அறிவிப்பு வந்ததும், முதல் ஆளாகப் போய்ப் பொருத்திக்கொண்டாள். கருவி முடிக்குள் மறைந்துகொண்டது. அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வழக்கம்போலப் பக்கத்து வீட்டு வெண்டெலோடும் அவர் மனைவி எல்சியோடும் சீட்டாட உட்கார்ந்தாள்.

வெண்டெல் சாதாரணக் குரலிலேயே மனைவியிடம் சொன்னார்: "ஆர்ட்டின் ராஜா எங்கிட்ட இருக்கு. நீ ராணியை இறக்காதே."

வெர்னா திகைத்துப்போனாள். இத்தனை வருஷம் தான் தோற்றதெல்லாம் இப்படித்தானா? முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஆடி, எல்லா ஆட்டத்தையும் ஜெயித்தாள்.

"என்னடி, இன்னைக்கு உனக்கே விழுது?" என்றாள் எல்சி.

"உன் வீட்டுக்காரர் சொல்றதைக் கேட்டுத்தான் ஆடுறேன்," என்று வெர்னா முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினாள்.

வெண்டெலின் முகம் அவித்த சிங்கி இறாலாய்ச் சிவந்தது. எல்சியோ சிரித்துச் சிரித்து மேஜையில் சாய்ந்துவிட்டாள்.

"இவருக்கும் ஒண்ணு வாங்கணும்டி. நான் கூப்பிட்டா மட்டும் கேக்கறதே இல்ல."

"அந்தச் செவிட்டுக்கெல்லாம் காப்பீடு கிடையாதுடி," என்று வெர்னா சீட்டைக் கலைத்தாள்.