பூப்படங்களைக் கழித்துவிட்டு

காலை ஆறேகாலுக்கு அலுவலகக் குழுவில் செய்தி வந்தது. அக்கா இறந்துவிட்டார். அதன் கீழே மெக்கானிக்குகள் எல்லாரும் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். வெளியாள் பார்த்தால் பதறிப்போவார். எங்கள் லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தில் அதற்கு ‘பார்த்துவிட்டேன்’ என்று மட்டுமே பொருள். அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவரே அக்காதான்.

அவர் என் கூடப்பிறந்தவர் அல்லர்; திட்டப் பிரிவில் இருந்தவர். விபத்தில் கால்களை இழந்தபின் நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அந்தக் குழு இருக்கும் செயலியிலேயே மெக்கானிக் பழுதை வீடியோவில் காட்டுவார். எந்தப் பாகம் வேண்டுமென்று நான் சொல்வேன். அந்தச் செயலிக்குச் சந்தா கட்டுவது வீண் என்று மேலாளருக்கு ஓர் எண்ணம். அது நின்றால் என் வேலையும் போய்விடும். அதனால் உண்மையில் பயன் உண்டா என்று மதிப்பிடும் பொறுப்பு அக்காவிடம் வந்தது.

செய்திகளின் எண்ணிக்கையைத்தான் பார்ப்பார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து ஆளாளுக்குப் பூப்படமும் காலை வணக்கமும் கொட்டித் தீர்த்தார்கள். மேலாளர் கடுப்பாகிவிட்டார்.

“என்னம்மா இது, ஆபீஸா பூக்கடையா?”

“பூவையெல்லாம் கழிச்சுட்டேன் சார். ஆனா மிச்சத்த எண்ணினாலும் ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் நிறுத்திப் பாப்போம்.”

நிறுத்தினார்கள். அன்று அக்கா ஒரு மெக்கானிக்கின் வண்டியில் தொற்றிக்கொண்டார். கதவை நகர்த்தும் ஒரு சின்ன உருளைக்காகக் கிடங்குக்கும் கட்டடத்துக்குமாக அலைந்தார்கள். கொண்டுபோனது எதுவும் பொருந்தவில்லை. மதியத்துக்கு மேல் மேலாளரையும் விடாப்பிடியாக அழைத்துப் போனார். லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் மேலாளர் ஏழு மாடி ஏறினார்.

“மூச்சு வாங்குதும்மா. அந்தத் தம்பிக்கு ஒரு போனப் போட்டுக் கேளேன்.”

“கேக்கலாம் சார். ஆனா உருளை எப்படித் தேஞ்சிருக்குன்னு போன்ல அவனுக்குத் தெரியாதே.”

“சரி தாயே, அந்த ஆப்பையே போட்டு விடு!”

சாயங்காலம் அக்கா என்னை அழைத்தார்.

“டேய் தம்பி, செயலி நிக்காதுடா. இனிமே காலை நீட்டி உக்காந்து வேலையப் பாரு.”

“நீட்ட காலு வேணுமேக்கா.”

“வாய் நீளமாத்தான இருக்கு, போதும்.”

அந்தச் சம்பளத்தில்தான் என் மகள் படித்தாள். என் பேச்சைக் கேட்க நாளெல்லாம் ஆட்கள் இருக்கிறார்கள். நன்றி என்று வாயெடுத்தாலே அக்கா பேச்சை மாற்றிவிடுவார். அதனால் முழுதாகச் சொல்ல வாய்த்ததே இல்லை. நான் தேடிச் சிரமப்படக் கூடாதென்று உதிரிபாகப் படங்களுக்கெல்லாம் வகைவாரியாகப் பெயரிட்டு வந்தார். பழைய கதவுப்பூட்டுகளின் படங்களுக்கு மட்டும் இன்னும் பெயர் இடவில்லை.