கந்தப்பளைக்கு மேலே ஒரு கல்மேடை

காலை 9.40. நுவரெலியாவிலிருந்து பேருந்தில் கந்தப்பளை வந்து இறங்கினேன். அங்கிருந்து கல்மேடைக்கு ஆறு கிலோமீற்றர். முச்சக்கர வண்டிக்கு, காத்திருப்பதையும் சேர்த்து, 1,800 ரூபா. சாரதி யோகன் வானத்தைப் பார்த்தார். "மேல ஒன்னும் தெரியாது சார். பொறவு என்னைய ஏசக் கூடாது."

10.25. தேயிலைக்கு நடுவே 142 படிகள். சனங்கள் வேலையில்லாமல் தவித்த ஒரு காலத்தில், கூலி கொடுப்பதற்காகவே அரசாங்கம் ஆட்களைச் சேர்த்துக் கட்டுவித்த காட்சி மேடை இது. மூன்று பக்கம் கருங்கல் சுவர். நான்காவது பக்கம் பள்ளத்தாக்கு, அதாவது வெறும் பனிமூட்டம். சாரம் கட்டிய துளைகள் சுவரில் அடைபடாமல் இருந்தன. ஒன்றில் ஒரு கைபேசி. பக்கத்தில் கொழுந்துக் கூடையோடு ஒரு பெண்.

"இந்த மலைக்கே இந்த ஓட்டையிலதாங்க சிக்னல்" என்றார். பெயர் செல்வராணி. மகளை விடியற்காலையில் பிரசவத்துக்கு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ஒன்பது மணிக்கு ஒப்பரேஷனுக்கு எடுத்தார்கள்; மருமகன் சொன்ன கடைசிச் செய்தி அதுதான்.

"நீங்க போகலையா?"

"கூட ஒரு ஆளத்தான் விடுவாங்களாம். மருமகன் சிங்களம் நல்லா பேசுவாரு. நான் போனா முழிச்சிக்கிட்டு நிப்பேன்."

10.50. தூறல் விழுந்தது. கைபேசி நனையுமே என்று பதறி, அதை எடுத்து என் குடைக்குள் பிடித்தேன்.

"ஐயோ, எடுக்காதீங்க!"

திரையில் இருந்த இரண்டு சிக்னல் கோடுகளும் போய்விட்டன. செல்வராணி வாங்கி, மறுபடி துளைக்குள் திரை தெரியும்படி சாய்த்து வைத்தார். கோடு வரவில்லை. என் கைபேசியும் அங்கே செத்துக் கிடந்தது. பதினொரு நிமிடங்கள். இதற்குள் மருமகன் அழைத்திருந்தால்?

"நீங்க பயப்படாதீங்க ஐயா, வேணும்னேவா செஞ்சீங்க?" என்றார். அது இன்னும் சுட்டது.

11.01. ஒரு கோடு வந்தது. பதினொன்றரைக்குக் கீழே கொழுந்து நிறுவை. தவறினால் அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான் என்றார். மணி பதினொன்றரை ஆயிற்று. அவர் நகரவில்லை.

11.42. மணி அடித்தது. கைபேசியை அசைக்காமல் விரலால் தொட்டு, கன்னத்தைக் கல்லில் ஒட்டிக்கொண்டு கேட்டார். எனக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"பொம்பளப் புள்ளையாங்க? சரி... அவ? அவ எப்படி இருக்கா?"

கன்னத்தைக் கல்லில் இன்னும் அழுத்திக்கொண்டார்.

"பேசுறாளா?"

திரும்பி, "தாயும் புள்ளையும் ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றார். நான் பதில் சொல்வதற்குள் கூடையைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடினார்.

12.10. படியிறங்கி வண்டிக்கு வந்தேன். "என்ன சார், ஏதாச்சும் தெரிஞ்சிச்சா?" என்று யோகன் சிரித்தார்.

"ஒன்னும் தெரியல. செல்வராணி மகளுக்குப் பொம்பளப் புள்ள."

"அட, ராணி அக்கா மகளுக்கா!"

கந்தப்பளை வரை, வழியிலிருந்த ஒவ்வொரு லயத்து வீட்டு வரிசையின் முன்னாலும் வண்டியை நிறுத்திச் செய்தியைக் கத்திச் சொன்னார். 12.40 பேருந்து போய்விட்டது. நான் அவரை ஏசவில்லை.