அப்பா தவறென்று ஒப்புக்கொண்ட ஆட்டம்

முப்பத்தோராம் நாள் வழிபாட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் அப்பாவின் நண்பர்களுக்கும் என் வணக்கம். அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. அதனால் இதை எழுதும் கடமை எனக்கு வந்தது. இதற்கு முன் மூன்று முறை எழுதி அழித்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு விடயத்தைச் சுற்றிக்கொண்டு போகிறேன் என்பது எனக்கே தெரிந்தது. இம்முறை அதையும் எழுதிவிடுகிறேன். வாசிப்பவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா வடமராட்சியில் ஆறு பிள்ளைகளில் நான்காவதாகப் பிறந்தார். ஊர்க் கல்லூரியிலேயே முதலாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை படித்தார். படிப்பில் தான் நடுத்தரம் என்று அவரே சொல்வார். கல்லூரியின் உதைபந்தாட்ட அணியில் இரண்டு வருடங்கள் இருந்தார். மேலதிக கோல்காப்பாளர். அந்த இரண்டு வருடங்களிலும் ஒரு நிமிடம்கூட அவரை மைதானத்துக்குள் இறக்கவில்லை. இதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. அந்த அணியின் பதினொரு பேரையும் எந்த இடத்தில் விளையாடினார்கள் என்பதோடு சேர்த்து வரிசையாகச் சொல்வார். இரண்டு பேரிடம் வரும்போது மட்டும் இடத்தைச் சொல்லிவிட்டுப் பெயரைச் சொல்லாமல் அடுத்தவருக்குப் போய்விடுவார். அவர்களுக்கு என்ன நடந்தது என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ என்று இப்போது நினைக்கிறேன்.

எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, மேற்கு பெர்லினுக்குக் கடந்து, ஒரு முகாமில் ஏழு பேரோடு ஒரே அறையில் இருந்தார். பிறகு ஹம்பேர்க். முதலில் உணவகத்தில் கோப்பை கழுவினார். அதன்பின் இருபத்தாறு வருடங்கள் துறைமுகத்தில் மீன் களஞ்சியத்தின் குளிர் அறையில் வேலை செய்தார். அம்மா இங்கு வந்து சேர ஆறு வருடங்கள் எடுத்தன. அந்த ஆறு வருடங்களில் கற்றுக்கொண்ட ஜேர்மன் மொழியை வைத்து, பின்னால் வந்த எத்தனையோ பேருக்கு விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தார். அலுவலகங்களுக்குக் கூடப் போய் வரிசையில் நின்றார். அவர்களில் பலர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அம்மா ஐந்து வருடங்களுக்கு முன் காலமானதும் அப்பா பேசுவதைக் குறைத்துக்கொண்டார். சனிக்கிழமைகளில் மட்டும் குறைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் கல்லூரி அணியின் பிற்பகல் ஆட்டம் தொடங்கும்போது இங்கே முற்பகல். மைதானத்தில் யாரோ ஒருவர் தொலைபேசியைப் பிடித்து நேரலையாக அனுப்புவார். படம் பாதி நேரம் ஆடும், மீதி நேரம் யாருடையவோ முதுகைக் காட்டும். அதைப் பார்க்க நேசன் மாமா எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். குணம் மாமா பிறேமனிலிருந்து தொலைபேசியில் இருப்பார். மூவரும் ஒரே அணியில் இருந்தவர்கள். நேசன் மாமா நடுப் பின்களம், குணம் மாமா வலது ஓரம், அப்பா மைதான ஓரத்தில் மேலதிக வீரர்கள் இருக்கும் வாங்கு. ஆட்டம் ஒன்றரை மணி நேரம் என்றால் விவாதம் மூன்று மணி நேரம் நடக்கும்.

"குணம், உன்ரை வலப்பக்கத்துப் பெடியன் பந்தை வைச்சுக்கொண்டு ஆரைப் பாத்துக்கொண்டு நிக்கிறான்? பஸ்சுக்கோ நிக்கிறான்?"

"நீ கதைக்காதை மச்சான். நீ வாங்கு தேய்ச்ச ஆள்."

"வாங்கிலை இருந்தவனுக்குத்தான்டா முழு மைதானமும் தெரியும். நீ பந்துக்குப் பின்னாலை ஓடினனீ. உனக்கு உன்ரை கால் மட்டும்தான் தெரியும்."

நேசன் மாமா தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுச் சிரிப்பார். "இவன் சொல்லுறதைக் கேட்டா, இவனை இறக்காததாலைதான் நாங்கள் கிண்ணம் எடுக்கேல்லை எண்டு வரும்."

"அதை நான் சொல்லேல்லை. நீயாத்தான் ஒத்துக்கொண்டாய்."

சென்ற வருடம் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. றீகா என்ற மறுவாழ்வுச் சிகிச்சை முடிந்ததும் அவரை நிரந்தரமாக எங்களோடு அழைத்துக்கொண்டோம். எனக்கு அப்போது கைக்குழந்தை. நான் மருந்தகத்தில் வேலை செய்பவள். மருந்துகளும் அளவுகளும் எனக்குத் தெரியும் என்ற எண்ணம் என்னிடம் இருந்தது. நாளுக்கு மூன்று முறை அப்பாவின் இரத்த அழுத்தத்தை அளந்து அட்டவணையில் எழுதினேன். மற்ற நாட்களில் ஒழுங்காக இருந்த எண்கள் சனிக்கிழமை மதியத்தில் ஏறின. உணர்ச்சிவசப்படுவதைத் தவிர்க்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் எதை நினைத்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அந்த நாட்களில்தான் கல்லூரி அணி அரையிறுதிக்கு வந்தது. புதிய பயிற்றுவிப்பாளரைக் கல்லூரிக்குப் பரிந்துரைத்தவர் நேசன் மாமா. ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். இருபது நிமிடங்கள் இருக்கும்போது பயிற்றுவிப்பாளர் முன்கள வீரரைப் பின்களத்துக்கு இழுத்தார். இரண்டு கோல்கள் வாங்கித் தோற்றோம். அன்று நேசன் மாமா வேலையில் இருந்ததால் எங்கள் வீட்டில் இல்லை. அப்பா வட்ஸ்அப்பில் அவருக்குக் குரல் பதிவு அனுப்பினார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"நேசன், பெடியள் தோக்கேல்லை. அந்த ஆளைக் கொண்டுவந்து வைச்ச நீதான் தோக்கடிச்சனீ. நல்லாய் நித்திரை கொள்ளு."

கோபம் இருந்தது, ஆனால் அது அவர்களுக்குள் வழக்கமான கோபம். அடுத்த சனிக்கிழமை அதுவே சிரிப்பாக மாறியிருக்கும். அன்று மதியம் அட்டவணையில் 178 என்று எழுதினேன். அம்மாவைப் போல இவரையும் விட்டுவிடப் போகிறேன் என்று தோன்றியது.

திங்கட்கிழமை குழந்தையை வண்டியில் தள்ளிக்கொண்டு வெளியே போய், அப்பாவுக்குத் தெரியாமல் குணம் மாமாவை அழைத்தேன்.

"மாமா, இனி அப்பாவோடை புட்போல் கதைக்காதேங்கோ. பிறசர் ஏறுது. நான் சொன்னனான் எண்டு அவருக்குச் சொல்லிப் போடாதேங்கோ. கோவிப்பார்."

"அவனுக்குக் கதைக்க வேறை என்ன இருக்கு, பிள்ளை?" என்றார். பிறகு, "சரி. நீர் படிச்ச பிள்ளை. நீர் சொன்னாச் சரி. நேசனுக்கும் நானே சொல்லுறன்," என்றார்.

அவர்கள் இருவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். சனிக்கிழமை தொலைபேசி அடிக்கவில்லை. நேசன் மாமா சனிக்கிழமைக்குப் பதிலாகப் புதன்கிழமை பழங்களோடு வந்து பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போனார். மழையைப் பற்றியும் ரயில் வேலைநிறுத்தத்தைப் பற்றியும் பேசினார். அடுத்த பருவத்துக்கு அணி எப்படி வரும் என்று அப்பா கேட்டதற்கு, "பாக்கிறேல்லை மச்சான், நேரமில்லை," என்றார். அவர் போனதும் அப்பா பழப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோயாளி பாக்க வாற மாதிரி வந்திட்டுப் போறான். அண்டைக்கு நான் சொன்னது அவனுக்குப் பட்டிட்டுது, பிள்ளை."

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். அட்டவணையில் எண்கள் இறங்கியிருந்தன. 130, 128, 132. அதைப் பார்த்து, நான் செய்தது சரி என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் அப்பா நேசன் மாமாவுக்கு இன்னொரு குரல் பதிவு அனுப்பினார். நான் அடுத்த அறையில் குழந்தைக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். முழுவதும் கேட்டது.

"நேசன், நான் அண்டைக்குக் கூடக் கதைச்சிட்டன். யோசிச்சுப் பாத்தன். கோச் செய்தது சரிதான். ஒரு கோல் முன்னுக்கு நிண்டாப் பின்னுக்கு ஆளைப் போடத்தான் வேணும். நான்தான் பிழை. சனிக்கிழமை வாடா."

அப்பா ஆட்டத்தில் தான் பிழை என்று ஒப்புக்கொண்டதை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. நேசன் மாமாவிடமிருந்து கைகூப்பும் படம் ஒன்றும் "உடம்பைப் பார் மச்சான்" என்ற ஒரு வரியும் வந்தன. அந்த வரியை அனுப்ப அவர் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் என்று இப்போது தெரிகிறது. அப்பா தொலைபேசியை என்னிடம் நீட்டி, "இதுக்கு என்ன அர்த்தம், பிள்ளை?" என்று கேட்டார். "உங்கடை சுகத்தை யோசிக்கிறார் அப்பா," என்றேன். நான் சொன்னது பொய்யல்ல. ஆனால் அப்பா கேட்டதற்கு அது பதிலும் அல்ல.

அதற்கடுத்த திங்கட்கிழமை வைத்தியரிடம் ரெர்மின், அதாவது முன்பதிவு செய்த நேரம், இருந்தது. அட்டவணையைப் பெருமையோடு நீட்டி, உதைபந்தாட்டப் பேச்சை நிறுத்திவிட்டதைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் பாரம் தூக்க வேண்டாம், கவலைப்பட வேண்டாம் என்ற பொருளில் சொன்னேன். நண்பர்களோடு வாதாடுவதை யார் நிறுத்தச் சொன்னது? எண் ஏறினால் மருந்தின் அளவை மாற்றலாமே," என்றார். அப்பா வெளியே இருக்கையில் காத்திருந்தார். அவருக்கு இது கேட்கவில்லை.

அன்றே சொல்லியிருக்கலாம். வெட்கம் தடுத்தது. குழந்தைக்குக் காய்ச்சல், அது குணமாகட்டும், சனிக்கிழமைக்கு முன் மாமாமாரை அழைத்துச் சொல்லிவிடலாம் என்று நாளைத் தள்ளினேன். புதன்கிழமை காலை அப்பா குழந்தைக்குக் கஞ்சி ஊட்டியபடி தானாகவே சொன்னார்.

"நான் நேசனுக்குச் சொன்னது பொய், பிள்ளை. அந்தக் கோச் செய்தது பிழைதான்." ஏன் பிழை என்றும் விளக்கினார்.

"பிறகு ஏன் அப்பா அப்பிடிச் சொன்னீங்கள்?"

"கதைக்க ஆளில்லாமல் சரியா இருந்து என்ன செய்யிறது?"

உண்மை என் வாய்வரை வந்தது. குழந்தை இருமியது. "கஞ்சி ஆறுது அப்பா, கெதியாய்த் தீத்துங்கோ," என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை, காலணியைப் போடக் குனிந்தவர் நிமிரவில்லை. அவசர ஊர்தி விரைவாகவே வந்தது. செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தார்கள்.

தகனத்துக்கு முன் மண்டபத்தில் நேசன் மாமா என் கையைப் பிடித்துக் கேட்டார். "பிள்ளை, நாங்கள் ஏன் கதைக்கேல்லை எண்டு அவனுக்குத் தெரியும்தானே? நீர் சொன்னனீர்தானே?"

"ஓம் மாமா. தெரியும்," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுக் குணம் மாமாவிடம் போய் அதைச் சொன்னார். இருவருடைய முகமும் கொஞ்சம் தெளிந்ததைப் பார்த்தேன். அந்தத் தெளிவைக் கெடுக்க வேண்டாம் என்று இத்தனை நாளும் இருந்தேன். இன்றும் இதை எழுதுவது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களைத் தேற்றுவதற்குத்தான் அந்தப் பொய் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என்னைக் காப்பாற்றுவதற்கும் அதுதான் உதவியது.

மாமாமாரே, அப்பாவுக்குத் தெரியாது. நீங்கள் தன்னோடு கோபம் என்று நினைத்துக்கொண்டே அவர் போனார். உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. நீங்கள் ஒரு மகளின் சொல்லை மதித்தீர்கள். அவர் உங்களிடம் இழந்தது எல்லாம் என்னால் இழந்தது. உங்களிடமும் இந்தச் சபையிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அப்பாவின் இறுதிக் கிரியைகளை முறைப்படி நடத்தித் தந்த ஐயாவுக்கும், முதல் மூன்று நாட்களும் உணவு சமைத்துக் கொண்டுவந்த குடும்பங்களுக்கும், தூர நகரங்களிலிருந்து வேலையை விட்டு வந்தவர்களுக்கும், குழந்தையைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட கீழ்மாடி அயலவருக்கும், என்னோடு இரவுபகலாக நின்ற என் கணவருக்கும் எங்கள் நன்றி.

அப்பா ஒரு கருத்தை விருப்பமில்லாமல் விட்டுக்கொடுத்திருக்கிறார். அதை அவர் பெயரில் திருப்பிப் பதிவது என் பொறுப்பு. அந்தப் புதன்கிழமை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "முன்னுக்கு நிக்கிறவனைப் பின்னுக்கு இழுத்தா, மற்றப் பக்கத்துப் பின்வரிசைக்கு வேலையில்லாமல் போகும். வேலையில்லாதவன் முன்னுக்கு வருவான். பிறகு எங்கடை கோலடியிலை பதினைஞ்சு பேர். கோல் காக்கிற பெடியனுக்குப் பந்தே தெரியாது. அண்டைக்கு வந்த ரெண்டு கோலையும் அந்தப் பெடியன் காணேல்லை."

நேசன் மாமா, இதற்கு உங்களிடம் மறுப்பு இருக்கும். இன்று பந்தியில் இருக்கும்போது அதைச் சொல்லுங்கள். குணம் மாமா அப்பாவின் பக்கம் நின்று பேசட்டும். இறந்தவர் என்ற மரியாதைக்காக அப்பா சொன்னதுதான் சரி என்று மட்டும் ஒத்துக்கொண்டுவிடாதீர்கள். அப்படி ஒத்துக்கொள்வது ஒரு மனிதருக்கு எவ்வளவு பாரம் என்பதை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன்.