காகபாதம் ஒன்று

குடுமியான்மலைக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் அம்மன் கோயில் ஒன்று உண்டு. அதன் நகைப்பெட்டிச் சாவி இருபத்திரண்டு வருஷமாகச் சிவசாமியின் இடுப்பில் இருந்தது. திருவிழாவுக்குப் பெட்டியைத் திறப்பார். நகைகளை எடுத்துக் கொடுப்பார். திரும்ப வாங்கிப் பூட்டுவார். எது என்ன கல் என்று அவர் விசாரித்ததே இல்லை. சிவப்பாக இருந்தால் கெம்பு, பச்சையாக இருந்தால் மரகதம், கண்ணைப் பறித்தால் வைரம். அவருக்கு அது போதும்.

1938 ஆடியில் பெரியகருப்பன் புதிய தர்மகர்த்தாவாக வந்தார். கறாரான மனிதர். பொறுப்பேற்ற மறுநாளே, பழைய நகை ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் படிக்கப் படிக்கச் சிவசாமி எடுத்து வைத்தார்.

“வைரப் பதக்கம் ஒன்று.”

இருந்தது.

“காகபாதம் ஒன்று.”

சிவசாமி பெட்டிக்குள் துழாவினார். பெட்டியைக் கவிழ்த்தார். சுருட்டி வைத்திருந்த துணிகளை உதறினார்.

“அப்படி ஒண்ணு இல்லீங்களே.”

“காகபாதம்னா காக்காக் காலு. தங்கத்துல செஞ்சு யாராச்சும் நேந்துக்கிட்டுப் போட்டிருப்பாக. சாவி ஒங்ககிட்டதான இருந்துச்சு? வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டாந்து வைங்க.”

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். மனைவி அமிர்தவல்லி விஷயத்தைக் கேட்டுவிட்டு, “நீங்க அதைப் பாத்திருக்கீகளா?” என்றாள்.

இல்லை என்றுதான் சொல்ல வாயெடுத்தார். ஆனால் அதே நேரத்தில் மூன்று விரலும் ஒரு குதிகாலுமாகச் சின்னத் தங்கப்பாதம் ஒன்று கண்முன் வந்து நின்றது. பார்த்திருக்கிறோமோ? அம்மன் காலடியில் வைத்த ஞாபகமா? அல்லது தர்மகர்த்தா சொன்னதைக் கேட்டு மனம் செய்துகொண்டதா? மறுநாள் அதற்கு ஒரு வளையமும் சேர்ந்துவிட்டது. அதற்கடுத்த நாள், அந்த வளையத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்ததுகூடத் தெரிந்தது. எடுக்காதவன் மீது பழி வந்தால் சத்தம் போடலாம். தன்னையே நம்ப முடியாதவன் யாரிடம் சத்தம் போடுவது?

வியாழக்கிழமை காலை அமிர்தவல்லி காதுத்தோட்டைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். “இதை அழிச்சு அந்தக் காலைச் செஞ்சு வச்சிருங்க. மானம் பெருசு.”

புதுக்கோட்டையில் கல் பதிக்கும் ரத்தினவேல் ஆசாரியிடம் போனார்.

“ஆசாரியாரே, ஒரு காகபாதம் செய்யணும்.”

ரத்தினவேல் ஊதுகுழலைக் கீழே வைத்தார். “என்ன செய்யணும்?”

“காகபாதம். எவ்வளவு பெருசுன்னு தெரியலை. வளையம் உண்டு.”

“ஏங்க, அது நகை இல்லைங்க. வைரத்துல இருக்குற குத்தம். கல்லுக்குள்ள கீறல் மூணாப் பிரிஞ்சு காக்காக் காலு மாதிரி தெரியும். அந்தக் கல்லை ஆகாதுன்னு ஒதுக்குவாக. அதைப் போயி யாராச்சும் செய்யச் சொல்வாகளா?”

சிவசாமிக்கு உடனே சந்தோஷம் வரவில்லை. “அப்ப அந்தச் செவப்பு நூலு?” என்று கேட்டுவிட்டார். எந்த நூல் என்று ஆசாரிக்கு விளங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ரத்தினவேல் கூடவே வந்தார். பதக்கத்தை வெயிலில் பிடித்துப் பூதக்கண்ணாடியை வைத்தார். ஐந்து வைரங்களில் நான்கு சுத்தமாக இருந்தன. நடுக்கல்லுக்குள் மூன்று மெல்லிய கோடுகள் ஒரு புள்ளியில் கூடியிருந்தன.

“பதக்கத்தை எழுதினவுக, அதுல இருக்குற குத்தத்தையும் சேத்து எழுதியிருக்காக. கல்லை மாத்திட்டாத் தெரியணும்ல, அதுக்காக” என்றார்.

பெரியகருப்பன் கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு அதைச் சிவசாமியிடம் நீட்டி, “நீங்களே பாத்துக்கங்க. நான் பேசினது தப்பு” என்றார்.

சிவசாமி பார்த்தார். கோடுகள் தெரிந்தன. அது காக்காய்க் காலாகத் தெரிந்ததா என்றால், அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினார்.

தர்மகர்த்தா அடுத்த வரிகளைப் படித்தார். “மூக்குத்தி ஒன்று.” இருந்தது. “ரவை பதினொன்று.” படித்துவிட்டு நிறுத்தினார். அம்மன் நகைப்பெட்டியில் ரவைக்கு என்ன வேலை? சிவசாமியும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மெதுவாக ஆசாரி பக்கம் திரும்பினார்கள்.

“பொடி வைரங்க” என்றார் ரத்தினவேல். “மூக்குத்தியை எடுங்க, எண்ணிருவோம்.”