அம்மன் படத்தில் மாட்டிய தாலி

என் மனைவியோடு பேச வருகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பார்கள். பிறகு அவர்கள் கண் இறங்கி வந்து அவள் கழுத்தில் நிற்கும். உயரத்தைப் பார்ப்பதை நான் தப்பு சொல்ல மாட்டேன், கோபுரத்தையும் அப்படித்தானே பார்க்கிறோம். கழுத்தில் எதைத் தேடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதைத் தேடச் சொல்லித் தெருவுக்குக் கற்றுக்கொடுத்த புண்ணியவான் என் அக்கா வீட்டுக்காரர், எனக்கு மாமா. அவரைப் பற்றிச் சொல்லாமல் என் மனைவியின் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல முடியவில்லை. அதுவே எனக்கு எரிச்சல்.

நான் காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவன். எட்டாவது வரை படித்தேன். காலையில் குளித்து, விபூதி பூசி, காமாட்சியைக் கும்பிடாமல் ஒரு நாளும் தறியில் உட்கார்ந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் என்னைச் சாமி பயம் இல்லாதவன் என்று பேசினார்கள், அதற்காக இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

என் மனைவி மாகறல் பக்கத்துப் பெண். அவள் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். பள்ளிக்கூட மைதானத்தில் வாலிபால் ஆடத் தொடங்கி, விளையாட்டு விடுதியில் சேர்ந்து, மாநில அணிக்கு ஆடி, அந்த ஆட்டத்தாலேயே சென்னையில் அரசாங்க வேலை வாங்கியவள். ஃபைல் பார்ப்பதெல்லாம் பெயருக்குத்தான். அலுவலக அணிக்கு ஆடுவதுதான் அவள் வேலை. வருஷத்தில் சில வாரம் தனியார் லீக்குக்கும் கூட்டிக்கொண்டு போவார்கள். வலையோரம் நடுவில் நின்று, எதிர்ப்பக்கத்துக்காரி ஓங்கி அடிக்கிற பந்தை எம்பிக் குதித்து இரண்டு கையாலும் மறிப்பது அவள் பொறுப்பு. அப்படி மறித்து மறித்தே விரல்கள் ஒன்றுக்கொன்று கோணலாகிவிட்டன. முட்டியில் ஒரு ஆபரேஷன் ஆகியிருக்கிறது.

பெண் பார்க்கப் போன அன்று மாமாவுக்கு அவள் உயரம் பிடிக்கவில்லை. இவ்வளவு ஒசரத்துக்கு மாப்பிள்ளை மணை மேல நிக்கணும் என்று அங்கேயே சொல்லிச் சிரித்தார். அரசாங்க வேலை, நிரந்தரம் என்று பெண்ணின் அப்பா சொன்னதும், அதே உயரம் மாமா கண்ணுக்குக் குறைந்துவிட்டது. லட்சணமான பொண்ணு என்றார். கல்யாணத்தில் போட்டோக்காரர் என்னை நிஜமாகவே மணை மேல்தான் நிற்க வைத்தார். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மாமாவுக்குத்தான் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் கேலி பேச நாக்கு அரிக்கும்.

மாமாவின் தொழிலையும் சொல்லிவிட வேண்டும். கோயில் வாசலில் நின்று, சாமி கும்பிட்டு வெளியே வருகிற வெளியூர்க்காரர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே பட்டுக்கடைக்கு இழுத்துப் போவது. நெற்றியில் அகலமாகச் சந்தனம், நடுவில் குங்குமம், விரலுக்கு ஒரு ராசிக்கல். பார்க்கிறவர்கள் தர்மகர்த்தா என்று நினைத்துப் பின்னாலேயே போய்விடுவார்கள். எங்கள் தெரு அம்மன் கோயில் திருவிழாக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். ஆடியில் கூழ் வார்க்கும்போது முதல் காப்பு அவர் கையில்தான் கட்டுவார்கள். காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஒரு வருஷம் நடுவில் ஆற்காட்டிலிருந்து கல்யாணப் புடவை எடுக்கிற பெரிய பார்ட்டி ஒன்று கூப்பிட்டது. மாமா காப்பைக் கழற்றிக் காரில் இருக்கும் பிள்ளையார் பொம்மையின் கழுத்தில் மாட்டிவிட்டுப் போனார். திரும்பி வந்து மறுபடி கையில் போட்டுக்கொண்டார். தெருவே பார்த்தது, ஒருத்தர் கேட்கவில்லை. அந்த வருஷமும் கூழ் நன்றாகத்தான் இருந்தது.

கல்யாணமான புதிதில் என் மனைவி தாலிச் சங்கிலியைப் பனியனுக்குள் போட்டுக்கொண்டுதான் ஆடினாள். ஒரு நாள் பயிற்சியில் எம்பிக் குதித்து இறங்கும்போது சங்கிலி வெளியே வந்து வலையில் மாட்டிக்கொண்டது. ஆள் கீழே வர, கழுத்து மேலே நின்றது. பின்கழுத்தில் அறுத்த தழும்பு இன்னும் இருக்கிறது. கோச் அம்மா, கழற்றி வைத்தால் ஆடு, இல்லாவிட்டால் உட்கார் என்று சொல்லிவிட்டார். ஆட்டத்தின் சட்டமும் அதுதானாம்.

வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னாள். நான் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. காமாட்சி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். பங்குனி உத்திரத்துக்கு ஏகாம்பரநாதர் கோயிலில் வருஷா வருஷம் அம்பாளுக்குக் கல்யாணம் செய்கிறார்கள். வருஷா வருஷம் தாலி கட்டுகிறார்கள். போன வருஷம் கட்டிய தாலி எங்கே என்று யாராவது அம்பாளைக் கேட்டிருக்கிறார்களா? அவளுக்கு வருஷத்துக்கு ஒரு முறை நடப்பது எனக்குத் தினமும் நடந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. அன்றிலிருந்து காலையில் ரயிலுக்குக் கிளம்பும்முன் அவள் கழற்றிக் கொடுப்பாள், நான் அம்மன் படத்துக்கு மாட்டுவேன். ராத்திரி வந்து குளித்ததும் நானே எடுத்து அவள் கழுத்தில் போடுவேன். வெளியூர் ஆட்டம் என்றால் வரும்வரை அம்மனிடம் இருக்கும். என் அம்மா பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டார்.

லீக் ஆட்டத்தைப் போனில் நேரலையாகக் காட்டத் தொடங்கியபோதுதான் வினை வந்தது. மாமா பார்த்தாராம். எந்த அணி ஜெயித்தது என்று கேட்டேன், தெரியவில்லை. அவள் எத்தனை பந்தை மறித்தாள் என்றால் அதுவும் தெரியவில்லை. கழுத்து வெறுமையாக இருந்தது மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. படத்தை நிறுத்தி, விரலால் பெரிதாக்கி, அக்காவிடம் காட்டி, கமிட்டிக்காரர்களிடம் காட்டி, டீக்கடையில் காட்டி முடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார். அரை டிராயரை அதுவரை பொறுத்துக்கொண்டாராம், இதைப் பொறுக்க முடியவில்லையாம். இவர் பொறுமையை யார் கேட்டார்கள்? அம்மனைத் தோளில் தூக்குகிற ஆண்கள் வேட்டியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு வெற்று மார்போடுதான் போகிறார்கள். அம்மனும் மேலிருந்து பார்த்துக்கொண்டுதான் வருகிறாள்.

அவர் பேச்சை நான் காதில் வாங்கவில்லை. அம்மா காதில் அது தங்கிவிட்டது.

போன வருஷம் வைகாசியில் அவளை மாநில அணிக்குக் கேப்டன் ஆக்கினார்கள். தேசியப் போட்டி வருகிறது, அதற்கு முன்னால் முகாம். முட்டி இருக்கிற இருப்புக்கு இதுதான் கடைசி நல்ல வருஷம் என்று அவளே சொல்லியிருந்தாள். முகாமுக்குச் சில நாள் இருக்கும்போது நான் செவிலிமேடு பாலத்தில் வண்டியோடு விழுந்து காலை முறித்துக்கொண்டேன். தார்ப்பாய் மூடாமல் போன ஏதோ லாரி பாலம் முழுக்க மணலைச் சிந்தியிருந்தது. சக்கரம் சறுக்கியது, விழுந்தேன். நடந்தது இவ்வளவுதான். மாமாவின் கணக்கில் லாரிக்காரன் குற்றவாளி இல்லை, மணல் குற்றவாளி இல்லை, என் மனைவியின் கழுத்துதான் குற்றவாளி.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் அவர் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலும் கற்பூரப் பொட்டலமும் வாங்கி வந்திருந்தார். பாட்டிலைக் கட்டில் பக்கத்தில் வைத்தார். கற்பூரத்தை எடுத்துக்கொண்டு நேராக அம்மன் படத்துக்கு முன்னால் போய்த் தட்டில் ஏற்றினார். கட்டிலில் இருந்து எல்லாம் எனக்குத் தெரிந்தது. கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். அதை மீறினால் குடும்பத்துக்கு ஆகாது என்று எல்லோரும் நம்புகிறோம், நானும் நம்புகிறேன். அது தெரிந்துதான் அவர் வாங்கி வந்திருந்தார்.

"அடிச்சி சத்தியம் பண்ணும்மா. இனிமே தாலிய கழட்ட மாட்டேன்னு சொல்லு. அத கழட்டிட்டுக் குதிச்சிக்கினு இருந்தா புருஷனுக்கு இன்னிக்குக் காலு, நாளைக்கு என்னா ஆவுமோ."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"எனக்கு எம் புள்ள வேணும்மா," என்றார் என் மனைவியிடம். "பந்து வேணாம்."

சத்தியம் செய்துவிட்டால் கேப்டனும் இல்லை, போட்டியும் இல்லை, அதோடு ஆட்டம் முடிந்தது. அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும். என் மனைவி என் கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். பிறகு போய்த் தட்டுக்கு முன்னால் நின்று கையைத் தூக்கினாள். எவள் அடித்தாலும் மறிக்கிற அந்தக் கோணல் விரல்கள் சத்தியத்துக்குத் தயாராகிவிட்டன. அவள் பயந்தது எனக்காக. ஒரு மனுஷியின் பாசத்தைப் பிடித்து அவளையே கட்டிப்போடுகிற இந்தக் கேவலத்துக்கு அம்மன் பெயர் ஒரு கேடா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

"மாமா," என்றேன். "காப்ப கழட்டிப் பிள்ளையார் கழுத்துல மாட்டிட்டு ஆற்காடு போனீங்களே. அப்ப அக்காவுக்கு எந்தக் காலு ஒடஞ்சிது?"

"அது வேறப்பா. அது பொழப்பு."

தூக்கிய கையை இறக்காமலே என் மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

"இதுவும் பொழப்புதான் அண்ணா."

சொன்னவள் அந்தக் கையைக் கற்பூரத்தின் மேல் ஓங்கி இறக்கவில்லை. இரண்டு கையையும் சுடர்மேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தட்டை எடுத்து அம்மன் படத்துக்கு மூன்று சுற்றுச் சுற்றினாள். கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினாள். ஆரத்தி வந்தால் அம்மாவால் ஒற்றிக்கொள்ளாமல் இருக்க முடியாது, அழுதுகொண்டே ஒற்றிக்கொண்டார். அக்கா ஒற்றிக்கொண்டாள். என்னிடம் வந்தது. கடைசியில் மாமாவிடம் நீட்டினாள். அவரும் பழக்கத்தில் ஒற்றிக்கொண்டார். சத்தியத்துக்கு ஏற்றிய கற்பூரம் தீபாராதனையாகி முடிந்ததும்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. அம்மா போட்டு வைத்து ஆறிப்போன காபியைக் கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார். அக்கா மட்டும் போகிற போக்கில் அவள் கையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

முகாமுக்குக் கிளம்புகிற அன்று காலை என் மனைவி சங்கிலியைக் கழற்றி என் கையில் வைத்தாள். என்னால் எழுந்து படத்துக்குப் போக முடியவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து, முந்தானையை விரித்து, அதில் போடச் சொன்னார். கொண்டுபோய் அவரே அம்மனுக்கு மாட்டினார்.

இறுதி ஆட்டத்தில் தோற்றார்கள், இரண்டாம் இடம். நானும் அம்மாவும் கட்டிலில் உட்கார்ந்து போனில் பார்த்தோம். கடைசிப் பந்து அவள் கை மேலாகத் தாண்டிப் போனதும், இன்னும் கொஞ்சம் எம்பி இருக்கலாம் என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டார்.

செய்தித்தாளில் உள்ளூர்ப் பக்கத்தில் சின்னதாகப் படம் வந்தது. அவ்வளவுதான், ஆடித் திருவிழாவுக்குத் தெருமுனையில் மாமா ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார். காஞ்சி மண்ணின் பெருமை என்று போட்டு ஒரு பக்கம் அவள், இன்னொரு பக்கம் அதே அளவுக்கு மாமா, கைகூப்பிக்கொண்டு. அவளை மறித்து ஆடுகிற கோலத்தில்தான் போட்டிருந்தார்கள். கழுத்தில் மட்டும் கம்ப்யூட்டரில் ஒரு தாலிச் சங்கிலி வரைந்திருந்தார்கள், பனியன் எண்ணையே மறைக்கிற பருமனுக்கு. நான் ஊன்றுகோலோடு அதன் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதரைத் திட்டக்கூட எனக்கு மனசு வரவில்லை. திட்டுவதற்கும் ஒரு தகுதி வேண்டும்.

அந்த வழியாக அவள் ரயிலுக்குப் போனாள், கழுத்தில் ஒன்றுமில்லாமல், தோளில் பையோடு. மாமா கையில் புதுக் காப்போடு கயிறு கட்டுகிறவர்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் மேடையில் பொன்னாடை இருக்குது, வந்துடும்மா என்றார்.

அவள் நின்று படத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பிராக்டீஸ் இருக்குது அண்ணா. பொன்னாடைய அவங்களுக்கே போத்துங்க," என்று ஃபிளெக்ஸில் இருக்கிற தன்னைக் காட்டினாள். "அவங்கதான் தாலி போட்டுக்கினு இருக்காங்க."

கயிறு கட்டிக்கொண்டிருந்தவர்கள் மேலிருந்து சிரித்தார்கள். மாமா அவர்களைப் பார்த்து, ஒழுங்கா இழுத்துக் கட்டுங்கடா என்று அதட்டினார். அவள் திரும்பிப் பார்க்காமல் ஸ்டேஷன் பக்கம் போய்விட்டாள்.