முறிமருந்துக்குப் பின் பதினொரு நிமிடம்

என் அக்காவை ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'பம்ப் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். இதயத்தை நிறுத்திவைத்து அறுவை செய்யும்போது, உடம்புக்கு ரத்தம் ஓட்டும் இயந்திரத்தை இயக்குவது அவள் வேலை. பத்தொன்பது வருஷ சர்வீஸ். ஆனால் வீட்டில் மிக்ஸி மக்கர் பண்ணினால் என்னைத்தான் கூப்பிடுவாள்.

இயந்திரத்துக்குள் ரத்தம் உறையாமலிருக்க முதலில் ஹெப்பாரின் போடுவார்கள். இதயம் மறுபடி துடித்ததும், ரத்தக்கசிவைக் கட்டுப்படுத்த, அதை முறிக்கும் புரோட்டமினை ஏற்றுவார்கள். அது ஏற ஆரம்பித்ததுமே, நெஞ்சுக்குள் தேங்கும் ரத்தத்தை இயந்திரத்துக்கு உறிஞ்சும் குழாயை அக்கா நிறுத்திவிட வேண்டும். முறிமருந்து கலந்த ரத்தம் உள்ளே போனால் இயந்திரத்தில் கட்டி கட்டியாக உறைந்துவிடும். அதனால் மயக்க டாக்டர் "புரோட்டமின் போகுது" என்று சத்தமாகச் சொல்வார். அக்கா "நிறுத்தியாச்சு" என்பாள்.

போன வருஷம் ஒரு நாள், ஒரு லாரி டிரைவருக்கு அறுவை. டாக்டர் சொன்னார், அக்காவும் "நிறுத்தியாச்சு" என்றாள். பழக்கதோஷத்தில் வாய் சொல்லிவிட்டது, கை நிறுத்தவில்லை. சற்று நேரத்தில் டிரைவரின் இதயம் தளர்ந்தது. திரும்ப இயந்திரத்தில் இணைக்கப் போனால், உள்ளே ரத்தம் உறைந்து கிடந்தது. புதுக் குழாய்கள் மாட்ட பதினொரு நிமிடம் ஆனது. அவர் பிழைக்கவில்லை.

அக்கா அறுவை செய்த பெரிய டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் "விடும்மா" என்றுவிட்டு, இதயம் தாங்கவில்லை என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டார்.

அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. ஞாயிறு மத்தியானம் தவறாமல் ஒரு போன் வருவது மட்டும் தெரியும். டிரைவரின் மனைவி. டிரைவர் இறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, மனசு கேட்காமல் நம்பர் கொடுத்திருக்கிறாள்.

"அவர் ஆபரேஷனே வேணாம்னாரு. நான்தான் அடம்பிடிச்சு கூட்டிட்டு வந்தேன். நானே கொன்னுட்டேன்ல?"

"அப்படியெல்லாம் நினைக்காதீங்க. உங்க மேல தப்பே இல்ல."

போனை வைத்ததும் அக்காவுக்குச் சோறு இறங்காது. வீட்டுத் தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, மூடினோமா என்று திரும்பப் போய்த் தொட்டுப் பார்ப்பாள். "உனக்கு மரை கழண்டுடுச்சுடி" என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஒருநாள் உடைந்துபோய் எல்லாவற்றையும் சொன்னாள். "தண்ணி ஓடுற சத்தம் கேட்டா போதும், 'நிறுத்தியாச்சு'ன்னு என் குரலே எனக்குக் கேக்குதுடி. அந்த டிரைவர் என் பின்னாடியே நிக்கிற மாதிரி இருக்கு."

பாவமாகவும் இருந்தது, எனக்குப் பற்றிக்கொண்டும் வந்தது. "உன் தப்பை அந்தம்மா சுமக்கிறாங்க. இந்த ஞாயித்துக்கிழமை சொல்லிடு. வேலை போனா போகட்டும்."

ஞாயிறு வந்தது. மணி அடித்தது. நான் அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, ஒன்றுவிடாமல் சொன்னாள். அந்தம்மா முதலில் ஒன்றுதான் கேட்டார்.

"அவருக்கு வலிச்சுதா?"

"இல்லைங்க. மயக்கத்துலயே இருந்தாரு."

"ஒரு வருஷமா வாராவாரம், நான்தான் கொன்னேன்னு அழுதிருக்கேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தீங்க, இல்ல?"

"ஆமா" என்றாள் அக்கா.

"எனக்குன்னு இருந்தது நீங்க ஒருத்தர்தான். இனிமே நான் யார்கிட்ட அழறது?" என்று கேட்டுவிட்டு அவர் போனை வைத்தார்.